களை என்று சொன்னவர் யார்?

சோளக்காட்டிலே ஒரு செடி முளைக்கிறது. யாரும் விதைக்கவில்லை. யாரும் நீர் பாய்ச்சவில்லை. யாரும் எரு இடவில்லை. மழை பெய்தது, மண் நனைந்தது, தானாக எழுந்து நிற்கிறது. அந்தச் செடிக்கு என்ன பெயர்?

நிலத்துக்குச் சொந்தக்காரரைக் கேளுங்கள். "களை" என்பார். மருந்துக் கடைக்காரரைக் கேளுங்கள். "களைதான், ஒரே அடியில் கருக்கிவிட மருந்து இருக்கிறது, எத்தனை லிட்டர் வேண்டும்?" என்பார். களைக்கொத்தைக் கையிலே பிடித்து வரப்பிலே நிற்கிறாரே ஒரு தாய், அவரைக் கேளுங்கள். குனிந்து பார்ப்பார். "இது பண்ணைக்கீரை, அதோ அது தொய்யக்கீரை, படர்ந்து கிடப்பது மூக்கிரட்டை, ஓரத்திலே இருப்பது குமுட்டி. நாலையும் சேர்த்துக் கடைந்தால் இராத்திரிக் களிக்கு ஆச்சு" என்பார்.

ஒரே செடி! ஒருவருக்குப் பகை, ஒருவருக்கு வியாபாரம், ஒருவருக்கு உணவு. இந்த மூவரிலே யாருடைய சொல் ஏட்டிலே ஏறிற்று? யாருடைய சொல் மருந்துப் புட்டியின் மேலே அச்சாயிற்று? பறித்தவரின் சொல் அல்ல, உண்டவரின் சொல் அல்ல. உடையவரின் சொல்லும் விற்பவரின் சொல்லும்தான்!

"கீரையைப் பற்றி எழுதவா ஒரு கட்டுரை? நாட்டிலே வேறு பிரச்சினையே இல்லையா?" என்று பள்ளிபாளையத்துத் தறிக்கூடத்திலே நிற்கும் தோழர் கேட்கக்கூடும். நாமக்கல் லாரிப் பட்டறையிலே இரும்படிக்கும் தோழர் சிரிக்கவும் கூடும். சிரிக்கட்டும். சிரித்து முடித்த பிறகு, வீட்டுக்குப் போய்த் தன் தாயை ஒரு வார்த்தை கேட்கட்டும். "அம்மா, பருப்பு வாங்கக் காசில்லாத நாளிலே எங்களுக்கு என்ன ஆக்கிப் போட்டாய்?" என்று கேட்கட்டும். விடை காட்டிலிருந்து வரும், வேலி ஓரத்திலிருந்து வரும், ஏரிக்கரையிலிருந்து வரும். கடையிலிருந்து வராது.

சேலம், நாமக்கல் சமவெளியிலே "காடு" என்றால் புலியும் யானையும் திரியும் வனம் அல்ல என்பது நமக்குத் தெரியும். சோளக்காடு, கடலைக்காடு, பருத்திக்காடு என்று மழையை நம்பி விதைக்கும் மேட்டு நிலத்துக்குத்தான் இங்கே காடு என்று பெயர். ஓமலூரிலும், சங்ககிரியிலும், திருச்செங்கோட்டிலும், இராசிபுரத்திலும், ஆத்தூரிலும் இந்தக் காடுகள்தான் ஏழையின் காய்கறிக் கடை. விதைத்து மூன்று வாரம் போனால் முதல் களை எடுப்பு. அந்த நேரத்திலேதான் பண்ணைக்கீரை கிள்ளினால் ஒடியும் இளந்தண்டாக நிற்கும். களை எடுக்கப் போன பெண் வேரோடு பிடுங்கி எறிவதற்கு முன்னே கொழுந்தைக் கிள்ளி மடியிலே கட்டிக் கொள்வார். நிலத்துக்காரருக்குக் காடு சுத்தமாயிற்று. கூலிக்காரிக்குக் குழம்புச் சட்டி நிறைந்தது. ஒருவர் சோற்றிலே ஒருவர் கை வைக்காமல் நடந்த ஏற்பாடு இது.

இதற்குப் படிப்பு வேண்டாமா? வேண்டும். பெரும் படிப்பு வேண்டும்! இளசாக இருந்தால் கீரை, பூவெடுத்து முற்றிவிட்டால் மாட்டுக்குத்தான் என்று தெரிந்திருக்க வேண்டும். எந்த மழைக்கு எது முளைக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். வேலியிலே ஏறிய முடக்கற்றான் எது, அதன் பக்கத்திலே ஏறிய வேண்டாத கொடி எது என்று இலையைப் பார்த்தே சொல்ல வேண்டும். தூதுவளையின் முள்ளைத் தள்ளி இலையைப் பறிக்க வேண்டும். பிரண்டையின் நாரை உரிக்க வேண்டும், அது நாக்கை அரிக்காமலிருக்கப் புளி சேர்க்க வேண்டும். ஏரிக்கரையிலே பொன்னாங்கண்ணி, குப்பைமேட்டிலே குப்பைக்கீரை, கொல்லைப்புறத்திலே சுக்குட்டிக்கீரை, கரட்டு மேட்டிலே காரைப்பழம், சூரைப்பழம், கள்ளிப்பழம் என்று இடமும் காலமும் தெரிந்திருக்க வேண்டும். இத்தனையும் தெரிந்தவரைத்தான் நாடு "கைநாட்டு" என்று சொல்லிற்று! இந்தப் பாடத்தைப் பள்ளிக்கூடம் நடத்தவில்லை. தாய் மகளுக்கு நடத்தினார், வரப்பிலே நடத்தினார், கூலி வேலைக்கு நடுவிலே நடத்தினார்.

அப்படியானால் ஏன் இதைச் சொல்ல வெட்கப்படுகிறோம்? விருந்தாளி வந்தால் ஏன் இந்தச் சட்டியை மறைக்கிறோம்?

இந்த வெட்கம் நேற்று வந்தது அல்ல, தோழர்களே. பத்துப்பாட்டிலே சிறுபாணாற்றுப்படை என்று ஒரு பாட்டு. நல்லூர் நத்தத்தனார் பாடியது. அதிலே ஒரு பாணன் வீடு வருகிறது. அடுப்பெரியாத அடுக்களை. பசியால் இளைத்த பெண் குப்பையிலே முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வருகிறாள். உப்புப் போடக்கூட வழியில்லை. உப்பில்லாமல் வேகவைக்கிறாள். அதைச் சுற்றத்தோடு உண்ண உட்காருகிறபோது, புறம் பேசுவோர் பார்த்துவிடுவார்களே என்று வாசற்கதவைச் சாத்திவிடுகிறாள்.

கவனியுங்கள்! பசி அந்தப் பெண் செய்த குற்றமா? இல்லை. கீரை திருட்டுப் பொருளா? இல்லை. ஆயினும் கதவைச் சாத்தினாள். உப்பு வாங்க முடியாத நிலையிலே ஒரு குடும்பத்தை வைத்தவன் வெட்கப்படவில்லை. கீரை கிள்ளி உயிர் காத்தவள் வெட்கப்பட்டாள். சங்க காலத்திலே சாத்திய அந்தக் கதவு இன்றைக்கும் முழுதாகத் திறந்தபாடில்லை என்பதுதான் என் வழக்கு.

இங்கே வேறொரு கூட்டத்தாரையும் சந்திக்க வேண்டியிருக்கிறது. வயிறு நிறைந்த பிறகு பழமை பேசுகிறவர்கள் அவர்கள். "ஆகா! அந்தக் காலத்திலே ஏழைகள் கீரை தின்றே எத்தனை திடமாக இருந்தார்கள்! இயற்கை அன்னை வாரி வழங்கினாள்! இப்போதுதான் இலவச அரிசி கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள்!" என்று மேடை போட்டுப் பேசுகிறார்கள்.

அந்தக் காலமா? எந்தக் காலம்? தாது வருஷப் பஞ்சத்தின் காலத்தைச் சொல்கிறார்களா? 1876 முதல் 1878 வரை இந்த மண்ணைச் சுடுகாடாக்கிய பஞ்சம் அது. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் பகுதிகளையும் உள்ளடக்கியது அன்றைய சேலம் மாவட்டம். 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலே அதன் மக்கள் தொகை சுமார் 19 இலட்சத்து 67 ஆயிரம். பத்தாண்டு கழித்து, 1881இலே, சுமார் 16 இலட்சம். பெருகியிருக்க வேண்டிய மக்கள் தொகையிலே மூன்றரை இலட்சத்துக்கு மேல் குறைந்தது! இலையைத் தின்றார்கள், வேரைத் தோண்டினார்கள், கற்றாழையையும் கள்ளிப்பழத்தையும் தேடி அலைந்தார்கள். பிழைத்தார்களா? மழை பொய்த்த நிலத்திலே பயிரோடு கீரையும் அல்லவா பொய்த்துவிடும்! அதே 1877ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் டில்லியிலே தர்பார் நடந்தது. விக்டோரியா அரசிக்குச் சக்கரவர்த்தினிப் பட்டம் சூட்டினார் வைசிராய் லிட்டன். அதே ஆண்டில்தான் நிவாரண வேலையிலே மண் சுமந்த ஆண்மகனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று குறைத்தார் ரிச்சர்டு டெம்பிள். உடல் உழைப்புக்கு அது போதவே போதாது என்று சென்னை மாகாணத்துச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாட வேண்டியிருந்தது.

ஆகவே சொல்கிறேன். "கீரை இருக்கிறது, கூலி எதற்கு?" என்று எவரேனும் கேட்டால், தாது வருஷத்தைக் காட்டுங்கள். கீரை அரிசிக்குப் பதிலாகாது. கூலிக்குப் பதிலாகாது. நியாயவிலைக் கடைக்குப் பதிலாகாது. வெறும் கீரையைத் தின்று எந்த ஏழையும் திடமாக இருந்ததில்லை. அரிசியோ, களியோ, சோளச்சோறோ கிடைத்த வீட்டிலேதான் கீரை உடம்புக்கு வலுவாயிற்று. பானையை நிரப்புவது நாட்டின் கடமை. பானைக்குப் பக்கத்திலே இருக்கும் சட்டியை நிரப்பும் உரிமை அந்தத் தாயின் உரிமை. ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றொன்றைப் பறிப்பது நியாயமாகுமா?

பறிக்கிறார்களா என்கிறீர்களா? பாருங்கள்.

முதலாவது, நிலம். ஏரிக்கரை, மந்தை, மேய்ச்சல் தரை, வண்டிப்பாதை, ஓடைக்கரை ஆகிய இவற்றுக்கெல்லாம் வருவாய்க் கணக்கிலே புறம்போக்கு என்று பெயர். வரி விதிப்புக்குப் புறம்பாக, ஊருக்குப் பொதுவாக விடப்பட்ட நிலம் என்று பொருள். காணி நிலம் இல்லாதவருக்கு, யாரையும் கெஞ்சாமல் காலை வைக்கக் கிடைத்த மண் அது ஒன்றுதான். அந்த நல்ல சொல்லை நாம் என்ன செய்தோம்? வசைச்சொல் ஆக்கினோம்! ஒருவனைத் திட்ட வேண்டுமானால் "புறம்போக்கு" என்கிறோம். பொதுநிலத்தின் பெயரே வசையாகிப் போன நாட்டிலே பொதுநிலம் எப்படி மிஞ்சும்? வளைத்தவர் வளைத்தார், வேலி போட்டவர் போட்டார். 2011 சனவரியிலே, ஜக்பால் சிங் வழக்கிலே, ஊர்ப் பொதுநிலங்களை ஆக்கிரமித்தவர்களை வெளியேற்றி ஊருக்கே திருப்பித் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. தீர்ப்பு வந்தது. உங்கள் ஊர் மந்தை திரும்பி வந்ததா என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். பார்க்கும்போது ஒன்றை மறவாதீர்கள். குடியிருக்க வேறு போக்கில்லாமல் ஓரத்திலே குடிசை போட்ட ஏழையின் மேல் முதலில் பாய்ந்துவிட்டு, ஏக்கர் கணக்கிலே வளைத்தவரிடம் கும்பிடு போடுவதற்குப் பெயர் நீதி அல்ல.

இரண்டாவது, மருந்து. களைக்கொல்லி வந்தது. ஆள் கூலி மிச்சம் என்றார்கள். உண்மைதான், நிலத்துக்காரருக்கு மிச்சம். சிறு விவசாயிக்கு ஆள் கிடைக்காத கஷ்டமும் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு தெளிப்பிலே அந்தத் தாய்க்கு இரண்டு நட்டம். களையெடுப்புக் கூலி போயிற்று, மடியிலே கட்டி வந்த கீரையும் போயிற்று. மூன்றாவதாக ஓர் ஆபத்தும் சேர்ந்தது. தெளித்த காடு எது, தெளிக்காத காடு எது என்று தெரியாமல் பறித்தால் நஞ்சைப் பிள்ளைக்கு ஊட்டியதாகிவிடும். கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியினால் மனிதருக்கும் கால்நடைக்கும் கேடு வரக்கூடும் என்று கூறித்தானே, பூச்சிக் கட்டுப்பாட்டுப் பயிற்சி பெற்றோர் தவிர வேறு எவரும் அதைத் தெளிக்கக்கூடாது என்று ஒன்றிய அரசே 2022 அக்டோபரிலே அறிவிக்கை வெளியிட்டது? தெளிப்பவர் யார் என்று பார்த்தார்கள். அந்தக் காட்டிலே கீரை பறித்து உண்பவர் யார் என்று பார்த்தார்களா?

மூன்றாவது, நீர். ஆற்றோரத்துக் கீரை என்றால் ஒரு காலத்திலே முதல்தரம். சேலம் நகரத்தின் சாக்கடையையும் சாயக்கழிவையும் சுமந்து வருகிறதே திருமணிமுத்தாறு, அதன் கரையிலே வளரும் பொன்னாங்கண்ணியை இன்று எந்தத் துணிச்சலில் பறிப்பது?

இதன் விளைவு என்ன? 2019–21இலே நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு, தமிழ்நாட்டிலே 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு மேல் இரத்தசோகை என்று கூறுகிறது. கீரை ஒன்றே இதற்கு மருந்து என்று நான் சொல்லவில்லை. மருந்து மாத்திரையும் வேண்டும், முட்டையும் வேண்டும், நல்ல கூலியும் வேண்டும். ஆனால், பாதிக்கு மேற்பட்ட பெண்கள் இரத்தம் குன்றி நிற்கும் நாட்டிலே, காசில்லாமல் கிடைத்த கீரையையும் கருக்கிவிட்டுக் காசு கொடுத்துச் சத்து மாவு வாங்கு என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

"ஏழை தின்றதற்கு மதிப்பு வராது, அது உலக வழக்கம்" என்று சிலர் கையை விரிப்பார்கள். வருமே! நம் கண் முன்னாலேயே வந்திருக்கிறதே! மரவள்ளிக் கிழங்கு யாருடைய உணவு? அரிசி கிடைக்காதவன் அவித்துத் தின்ற கிழங்கு. 1943இலே, யுத்தத்தினால் மலேயா, சிங்கப்பூரிலிருந்து வரவு நின்றபோது, சேலத்திலே மாணிக்கம் செட்டியாரும் போபட்லால் ஷாவும் அதிலிருந்து சவ்வரிசி எடுக்கும் தொழிலைத் தொடங்கினார்கள். ஆலைகள் பெருகின. 1981இலே சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023இலே சேலம் சவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் வந்தது. மகிழ்ச்சி! மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால், அதே காட்டிலே, அதே மரவள்ளிக்கு ஊடே முளைத்த கீரைக்கு என்ன வந்தது? கிழங்குக்கு மாலை, கீரைக்கு நஞ்சு! ஏன்? கிழங்கை விற்றுப் பொருள் சேர்க்க ஆள் வந்தார்கள். கீரையைப் பறித்தவர் கூலிக்காரப் பெண். அவருக்காகப் பேச ஆள் இல்லை.

வெளிநாட்டைப் பாருங்கள். கிரேக்க நாட்டிலே கிரீட் என்று ஒரு தீவு. அந்தத் தீவு மக்கள் மலைச்சரிவிலும் வயலோரத்திலும் தானாக முளைக்கும் கீரைகளைப் பறித்து வேகவைத்து, ஒலிவ எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் ஊற்றி உண்கிறார்கள். ஹோர்த்தா என்று அதற்குப் பெயர். காட்டுச் செடிக்கும் சாப்பாட்டுக் கீரைக்கும் அங்கே ஒரே சொல்தான்! 1958இலே தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்விலே, இதயநோயால் சாவது மிகக் குறைவாக இருந்தவர்கள் இந்தத் தீவின் ஆண்கள். அவர்களுடைய உணவு முறையை உலகமே திரும்பிப் பார்த்தது. இன்று உணவுச்சாலையிலே அந்தக் கீரையை மேசையிலே வைத்துப் பணம் வாங்குகிறார்கள். கிரீட் தீவிலே கதவு திறந்திருக்கிறது. நம் ஊரிலே சாத்தியிருக்கிறது. வேறுபாடு இலையிலே இல்லை, தோழர்களே!

சட்டத்தையும் பாருங்கள். சுவீடன் நாட்டிலே பிறர் நிலத்திலே தானாக விளைந்த பழத்தையும் காளானையும், பயிருக்குக் கேடில்லாமல், யார் வேண்டுமானாலும் பறிக்கலாம். பழைய வழக்கம் அது. 1994இலே இயற்கையை அணுகும் உரிமை அரசமைப்பிலேயே இடம் பெற்றது. பொருளுடைமையைப் பூசிக்கும் இங்கிலாந்திலே கூட, 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? காட்டிலே தானாக முளைத்த பழத்தையும், இலையையும், காளானையும் விற்பனைக்காக அல்லாமல் பறிப்பவர், அடுத்தவர் நிலத்திலே பறித்தாலும் திருடர் ஆக மாட்டார் என்கிறது. இங்கேயோ, "ஏ அம்மிணி, மடியிலே என்ன?" என்று வரப்பிலே நின்று அதட்டும் குரல் இன்னும் ஓயவில்லை. விதைக்காததை, விரும்பாததை, விஷம் வைத்துக் கொல்லப் போவதைக்கூடக் கூலிக்காரி எடுத்துச் சென்றால் பொறுக்காத மனம் எது? அது பொருளுக்காகப் பதறும் மனம் அல்ல. அவர் தலை நிமிர்ந்து எடுத்துப் போகிறாரே என்று பதறும் மனம்!

என்ன செய்வது? கையிலே ஆயுதம் இருக்கிறது. பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் 2002ஆம் ஆண்டிலேயே வந்தது. உள்ளாட்சி அமைப்புதோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அது, ஊரிலே என்னென்ன செடி கொடி உண்டு, அவற்றைப் பற்றி ஊரார் அறிந்தது என்ன என்று மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதி வைக்க வேண்டும். உங்கள் ஊராட்சியிலே அந்த ஏடு எங்கே? அலமாரியிலா, ஆளுக்கு ஆள் பார்த்து எழுதிய பக்கத்திலா? பண்ணையும் தொய்யலும் குமுட்டியும் அதிலே இருக்கின்றனவா? களை எடுக்கும் தாய்மாரை அழைத்து உட்கார வைத்துக் கேட்டு எழுதினார்களா? கேளுங்கள். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அதிலே ஒன்று மே முதல் நாள், உழைப்பவர் நாள்! அன்றைக்கு எழுந்து நின்று கேளுங்கள்.

பொதுநிலத்தை அளந்து கல் நடு என்று கேளுங்கள். ஏரிக்கரையிலும் பாதையோரத்திலும் களைக்கொல்லி தெளிக்காதே என்று தீர்மானம் போடுங்கள். தனியார் காட்டிலே மருந்து தெளித்தால், ஊரறிய ஓர் அடையாளம் கட்டச் சொல்லுங்கள். நாமக்கல் முட்டை சத்துணவுத் தட்டிலே ஏறியதைப் போல, தூய்மையான இடத்திலே பறித்த நம் ஊர்க் கீரையும் ஏற வேண்டும். அதை அரசு மகளிர் குழுவிடமே விலை கொடுத்து வாங்க வேண்டும். பக்கத்துத் தருமபுரியிலே 1989இலே தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழு இயக்கம் தமிழகம் முழுதும் பரவவில்லையா? கீரைக்கும் ஒரு தொடக்கம் நம் மாவட்டங்களிலிருந்து வரட்டும். பள்ளிப் பிள்ளைகளை ஒரு நாள் வரப்புக்கு அழைத்துப் போகட்டும். வாத்தியாராக ஊர் ஆயா ஒருவர் நிற்கட்டும். ஆசிரியர் மாணவராக இருந்து குறிப்பெடுக்கட்டும்.

பசியினால் கீரை தேடி அலைந்த காலம் ஒழிய வேண்டும். அது திரும்பி வர வேண்டும் என்பவன் ஏழைக்குப் பகைவன். ஆனால், விரும்பிப் பறிக்கும் உரிமையும், பறிக்கத் தக்க மண்ணும், பறிக்கத் தெரிந்த அறிவும் ஒழியக் கூடாது. பட்டா இல்லாத மக்களுக்கு அவை மூன்றும்தான் தலைமுறைச் சொத்து.

அடுத்த முறை உங்கள் வீட்டிலே பண்ணைக்கீரை கடைந்தால் கதவைச் சாத்தாதீர்கள். வாசலிலே உட்கார்ந்து உண்ணுங்கள். போகிறவர் வருகிறவர் "என்ன குழம்பு?" என்று கேட்டால், களை என்று அவர்கள் சொன்ன அந்தச் செடியின் பெயரை உரக்கச் சொல்லுங்கள்!